அறை பாதி, ஸ்பீக்கர் பாதி!

பாட்டுக் கேட்பதற்கென்றே வீட்டில் ஓர் அறை. அதில் விலை உயர்ந்த இரண்டு ஸ்பீக்கர்கள். நடுத்தரக் குடும்பங்களிலும் இன்று இந்த ஆசை எழுந்திருக்கிறது.

ஆசை தவறு அல்ல. அதிலும் நெல்லைச் சீமை, காருகுறிச்சி அருணாசலத்தைத் தந்த சீமை. 1962-ல் வந்த "கொஞ்சும் சலங்கை" படத்தில் அவருடைய நாதசுரமும் எஸ்.ஜானகியின் குரலும் போட்டி போட்டுக்கொண்டு ஒலித்தன. அந்த இசையைத் தெளிவாகக் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஆனால், பணம் போகும் வழி சரியாக இருக்க வேண்டும். பலர் என்ன செய்கிறார்கள்? கையில் உள்ள பணம் முழுவதையும் ஸ்பீக்கரில் கொட்டுகிறார்கள். அறையைப் பற்றி நினைப்பதே இல்லை. பிறகு, "இவ்வளவு கொடுத்தும் இரைச்சலாக இருக்கிறதே!" என்று வருந்துகிறார்கள்.

நம் காதுக்கு வருவது ஸ்பீக்கரின் ஒலி மட்டும் அல்ல. சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்தே வருகிறது. ஆகவே, அறை பாதி; ஸ்பீக்கர் பாதி. பாதியை மறந்துவிட்டு வாங்கும் பொருள் எப்படிப் பயன் தரும்?

பத்துக்குப் பத்து

வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். காங்கிரீட் கூரை. சிமெண்டு பூசிய சுவர். டைல்ஸ் போட்ட தரை. பத்தடிக்குப் பத்தடி அறை. உயரமும் பத்தடி.

கல்லுக்கும் சிமெண்டுக்கும் ஒலியை விழுங்கத் தெரியாது. திருப்பி அடிக்கத்தான் தெரியும். நெல்லையப்பர் கோவிலில் உள்ள இசைத் தூண்களைத் தட்டினால் கல்லே பாடும். கோவிலில் அது அழகு. பாட்டுக் கேட்கும் அறையிலோ, சுவரும் சேர்ந்து பாடக் கூடாது.

பத்தடி நீளமுள்ள அறையில், நொடிக்கு சுமார் 56 முறை அதிரும் தாழ்ந்த ஒலி மட்டும் தனியாக வீங்கி நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருந்தால், மூன்று திசையிலும் அதே ஒலிதான் வீங்கும். அடித்தொனி "தொம் தொம்" என்று அறையை நிறைக்கும். பாடகரின் குரல் அதில் அமுங்கிப் போகும்.

சதுர அறையைவிட நீண்ட அறை நல்லது. வீட்டில் இரண்டு அறை இருந்தால், பாட்டுக்கு நீளமானதைத் தேர்ந்தெடுங்கள்.

கைதட்டிப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால், அறை நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். "டங்" என்று ஓசை இழுக்கிறதா? அப்படியானால் முதல் செலவு ஸ்பீக்கருக்கு அல்ல, அறைக்குத்தான்.

தரையில் கனத்த ஜமுக்காளம் விரியுங்கள். ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். ஒரு சுவர் ஓரம் புத்தகங்கள் நிறைந்த அலமாரி இருக்கட்டும். இலவம்பஞ்சு மெத்தை போட்ட கட்டிலும் ஒலியை நன்றாக உறிஞ்சும். பத்தமடைப் பாய் அழகானது, ஆனால் மெல்லியது. அது மட்டும் போதாது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் போதும் என்பது வெறும் நம்பிக்கை.

இவற்றில் பாதி வீட்டிலேயே இருக்கும். இடம் மாற்றி வைத்தாலே போதும்.

வேன் கற்றுத் தந்த பாடம்

சிறிய அறைக்குப் பெரிய பெட்டி வேண்டுமா? வேண்டாம். இதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு.

இங்கிலாந்தின் பி.பி.சி. வானொலிக்கு 1970-களில் ஒரு தேவை ஏற்பட்டது. வெளியூர் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வேனுக்குள் வைத்துக் கேட்க, நம்பத்தக்க ஸ்பீக்கர் வேண்டும். வேனில் இடமோ குறைவு. அதன் பொறியாளர்கள் ஒரு சிறு பெட்டியை உருவாக்கினார்கள். எல்.எஸ்.3/5ஏ என்று அதற்குப் பெயர். உயரம் சுமார் ஓர் அடிதான். பிறகு பி.பி.சி.யின் அனுமதியோடு பல கம்பெனிகள் அதைச் செய்து விற்றன. இசைப் பிரியர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

அந்தப் பெட்டி ஆழமான அடித்தொனியைத் தராது. ஆனால் மனிதக் குரலை உள்ளபடி தரும். இடத்துக்கு ஏற்ற பெட்டியைத் தேடியதுதான் அவர்களுடைய வெற்றி.

"புத்தக அலமாரி ஸ்பீக்கர்" என்று இன்று விற்கும் சிறு பெட்டிகளும் இந்த வகைதான். பெயரைப் பார்த்து அலமாரிக்குள் திணிக்க வேண்டாம். கனமான ஸ்டாண்டின் மேல், காது மட்டத்தில் வையுங்கள். சுவரை விட்டு ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். மூலையில் வைத்தால் அடித்தொனி வீங்கும். இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு சம முக்கோணமாக அமைய வேண்டும்.

தரையில் வைக்காததற்கு நெல்லையில் இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? பெரும்பாலான பெட்டிகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. தண்ணீர் பட்டால் ஊதிப் போகும்.

பாசிவ் என்றால் என்ன?

பாசிவ் ஸ்பீக்கருக்குள் ஆம்ப்ளிபயர் இருக்காது. அதைத் தனியாக வாங்க வேண்டும். இது கூடுதல் செலவுதான். ஆனால் நன்மை உண்டு. ஆம்ப்ளிபயர் கெட்டால் அதை மட்டும் பழுது பார்க்கலாம். ஸ்பீக்கர் பல வருடம் உழைக்கும்.

வாங்கும்போது இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று, ஓம். ஸ்பீக்கரின் ஓம் அளவு ஆம்ப்ளிபயருக்குப் பொருந்த வேண்டும். மற்றொன்று, டெசிபல். 88 டெசிபல் பெட்டி 50 வாட்டில் தரும் சத்தத்தை, 85 டெசிபல் பெட்டி தர 100 வாட் வேண்டும். மூன்று குறைந்தால் மின்சக்தி இரண்டு மடங்கு ஆகிறது.

பொன் விலைக்கு விற்கும் வயர் வேண்டாம். பத்தடி தூரத்துக்குத் தடித்த செப்பு வயரே போதும். சிவப்பைச் சிவப்போடும், கறுப்பைக் கறுப்போடும் சேர்த்தீர்களா என்று மட்டும் பாருங்கள். ஒரு பெட்டியில் மாறிவிட்டால் அடித்தொனி மறைந்துவிடும்.

காதுதான் நீதிபதி

கடையின் பெரிய ஹாலில் இனிப்பது வீட்டில் இனிக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால், அந்தக் கடையே நல்ல கடை. உங்களுக்கு நன்றாகப் பழகிய நான்கு பாட்டுகளைப் போடுங்கள். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும். சற்றே உரக்கப் பாடுவது எப்போதும் நல்லதாகத் தோன்றும். அது காதின் மயக்கம்.

"இருப்பதிலேயே உயர்ந்ததை ஒரே தடவையாக வாங்கிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். அறை அதற்குத் தகுதியாக இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால், அந்த உயர்வு உங்கள் காதுக்கு வந்து சேராது. சுவரோடு நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் பாட்டு அறை என்பது பிள்ளைகள் படிக்கும் அறை. விருந்தாளி படுக்கும் அறை. வீட்டில் உள்ளவர்களை அப்புறப்படுத்திவிட்டு ஒருவர் மட்டும் கேட்கும் இசை எதற்கு? மனைவி, மக்கள், பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்து கேளுங்கள். யார் காதுக்கும் உறுத்தாத பெட்டியே நல்ல பெட்டி.

நூறு ரூபாய் இருந்தால் அத்தனையையும் ஸ்பீக்கருக்குக் கொடுக்காதீர்கள். முதலில் அறைக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். மீதியில் ஸ்பீக்கர் வாங்குங்கள். அருணாசலத்தின் நாதசுரம் அப்போது உங்கள் வீட்டிலும் தெளிவாக ஒலிக்கும்.