ஊர்ச் சீட்டும் கணிப்பொறியும்



பங்குனி பிறந்துவிட்டால் மாஹிமிலும் தாராவியிலும் நம்மவர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான்: ஊர்க் கொடைக்குச் சீட்டுக் கிடைத்ததா? நாம் ரயில்வேயில் சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தா ஆதலின், அக்கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேருகிறது. எனவே இம்மாதம் கணிப்பொறியைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

பழைய முறையை மூத்த ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு தேதிக்கும் பேரேட்டில் தனிப் பக்கம். ஒரு சாளரத்தில் ஒரு சில வண்டிகளுக்கே சீட்டு. திரும்பி வரும் பிரயாணத்துக்குத் தந்தி அடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவேண்டும். டில்லியில் 1985-இலும் பம்பாயில் 1987-இலும் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. 1999-இல் நாட்டின் முன்பதிவு மையங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபின், தாதரில் நின்றுகொண்டே திருநெல்வேலியிலிருந்து திரும்பும் சீட்டையும் பெறலாயிற்று. ஏழைக்கு இது சிறு லாபமன்று. ஒரு நாள் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்றல்லவா?

கணிப்பொறி வந்தால் வேலை போய்விடும் என்று 1960-களில் கல்கத்தாவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் பெரும் போராட்டமே நடத்தினர். அவ்வச்சத்தை நாம் நகைக்கமாட்டோம். நம் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் ஓய்வு பெற்றார். அந்நாற்காலி இன்னும் காலியாகவே கிடக்கிறது. 2002-இல் இணைய வழிச் சீட்டு வந்தது. இன்று முன்பதிவுச் சீட்டுக்களில் பத்தில் எட்டுக்கு மேல் அவ்வழியே விற்பனையாகின்றன. சாளரத்துக்கு வெளியே வரிசை குறைந்தது மெய்; ஆனால் வரிசை ஒழிந்துவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. அங்கே முன்னே நிற்பவர் யார்? தத்கால் சீட்டுத் திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் நுழைய முயல்வனவற்றில் பாதியளவு மனிதரல்ல, தானியங்கி நிரல்களே என்று 2025-இல் அரசாங்கமே கூறியது. 2.5 கோடிக் கணக்குகளை முடக்கவும் நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்கினருக்கே இணையத்தில் தத்கால் சீட்டு என்று விதி வந்தது.

விதி நல்லதே. ஆயினும் மாஹிமில் நமக்குப் பழக்கமான தையற்காரர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். ஊரில் இருந்தபோது ஆதாருக்குக் கொடுத்த தொலைபேசி எண்ணை அவர் என்றோ கைவிட்டுவிட்டார். இரகசிய எண் அந்தப் பழைய எண்ணுக்கே போகும். தமக்கையின் மகள் திருமணம்; நாளோ நெருங்கிவிட்டது. யாரோ ஒரு தரகன் ஆளுக்கு எண்ணூறு ரூபாய் அதிகம் வாங்கிக்கொண்டு நான்கு சீட்டுத் தந்தான். வண்டியில் பார்த்தால் சீட்டில் வேறு யார் யார் பெயர்களோ! முழுக் கட்டணமும் அபராதமும் செலுத்திவிட்டு, பொதுப் பெட்டியில் குழந்தைகளுடன் நின்றுகொண்டே போனார்கள். மணமகளுக்கென்று எடுத்துவைத்த பணம் அதில் கரைந்தது. "அண்ணாச்சி, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று அவர் திரும்பி வந்து கூறியபோது நமக்கு நெஞ்சு கனத்தது. கேட்டிருந்தாலும் அந்த எண்ணை நம்மால் மீட்டிருக்க முடியுமா?

கணக்கைப் பாருங்கள். நாமே இணையத்தில் எடுத்தால் குளிர்வசதியற்ற வகுப்புக்குச் சேவைக் கட்டணம் வரி நீங்கலாக 15 ரூபாய், யூ.பி.ஐ. வழியே செலுத்தினால் 10. சாளரத்தில் அதுவும் இல்லை. அங்கீகாரம் பெற்ற முகவர் அவ்வகுப்புக்கு 20 ரூபாய்க்கு மேல் கேட்கலாகாது. அனுமதியின்றிச் சீட்டு விற்பவனுக்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு.

நிற்க. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. பொங்கலுக்கு ஜனவரி 12 அன்று புறப்படுவோருக்கு நவம்பர் 13, காலை 8 மணி. அதற்குள் ஆதாரிலுள்ள எண் இப்போது உங்கள் கையிலுள்ள எண்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றவேண்டுமாயின் ஆதார் மையத்துக்கு நேரில் சென்று மாற்றிக்கொள்ளலாம். வழி தெரியாதவர்கள் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள். நாம் அங்கே இருப்போம்.