நந்தி விலகிய பிறகு வழி மறைக்கிறதாம்!

பெங்களூர்க்காரனுக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கும் ஒரே இடம் சில்க் போர்டு சிக்னல். நந்தனார் சரித்திரப் பாட்டுகளை யார் யார் எப்படிப் பாடியிருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்கலாமே என்று செயலியில் தேடினால், முதலில் வருவது ‘சற்றே விலகியிரும்’. அது முடிந்ததும் ‘வழி மறைத்திருக்குதே’. தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. புலையர் என்பதால் திருப்புன்கூர்க் கோயிலுக்குள் போக முடியாமல் வெளியே நிற்கும் சிவபக்தர் நந்தன், நடுவில் நந்தி படுத்திருப்பதால் தரிசனம் கிடைக்கவில்லையே என்று முறையிடுவது நாட்டக்குறிஞ்சிப் பாட்டு. அதைக் கேட்டுச் சிவன் நந்திக்கு இடும் கட்டளை பூர்வி கல்யாணிப் பாட்டு. செயலியிலோ மனு வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. எந்தக் கோர்ட்டிலும் காணாத வேகம்!

எந்திரத்துக்குத் தெரியவில்லை, போகட்டும். பதிவை ஏற்றுகிற மனிதர்களுக்கு என்ன வந்தது? ‘அபூர்வம்’ என்று போடத் தெரிகிறது. எந்த வருஷம், வயலின் யார், மிருதங்கம் யார், கச்சேரியா இசைத்தட்டா என்று ஒரு வரி போடத் தெரியவில்லை. 1942இல் ஜெமினி எடுத்த ‘நந்தனார்’ படத்தில் தண்டபாணி தேசிகர் பாடியவை எல்லாமே நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி கணக்கில்தான் வரவு வைக்கப்படுகின்றன. ‘பிறவா வரம் தாரும்’ பாபநாசம் சிவன் எழுதியது ஐயா! பாரதி கதாகாலட்சேபத்துக்காக எழுதியது 19ஆம் நூற்றாண்டில், பாபநாசம் சிவன் எழுதியது சினிமாவுக்காக. இரண்டையும் ஒரே கூடையில் கொட்டிவிட்டு ‘எது உசத்தி’ என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வது?

1935இல் வந்த ‘பக்த நந்தனா’ரில் நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஆண் வேடம், ஒரு லட்ச ரூபாய் சம்பளம். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். இன்று அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்த லட்ச ரூபாயைச் சொல்கிறார்கள். அந்த அம்மாள் நந்தனை எப்படிப் பாடினார் என்று ஒருவரும் சொல்வதில்லை.

அதே 1935இல் நியூயார்க்கில் மேடையேறியது ஜார்ஜ் கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’. கறுப்பின மக்களின் கதை. எழுதியவர்களும் இசையமைத்தவரும் வெள்ளையர்கள். இங்கே ஒரு புலையரின் கதையை ஒரு பிராமணர் எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பாடியவர்கள் கறுப்பர்கள். ஆனால் அந்த வருஷமே வந்த முதல் இசைத்தட்டுகளில் பாடியவர்கள் லாரன்ஸ் டிப்பெட், ஹெலன் ஜெப்ஸன் என்ற வெள்ளைப் பாடகர்கள். மேடையில் போர்கியாகவும் பெஸ்ஸாகவும் வந்த டாட் டங்கனும் ஆன் பிரவுனும் அந்தப் பாட்டுகளை இசைத்தட்டில் பதிவு செய்தது 1940இல்தான். இந்த விவரங்களை அங்கே குறித்து வைத்திருக்கிறார்கள். அதனால் இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துப் போடுகிறவன் குரலோடு சேர்த்து, யாரை வெளியே நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் கேட்கிறான். 1936இல் வாஷிங்டன் நேஷனல் தியேட்டரில், கறுப்பர்களையும் சமமாக உட்காரவைத்தால்தான் பாடுவோம் என்று டங்கனும் குழுவினரும் அடம்பிடித்து, அந்த நாட்களுக்காவது கதவைத் திறக்கவைத்தார்கள்.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அந்த நாடகத்தின் ‘சம்மர்டைம்’ ஒரு மீனவன் மனைவி கைக்குழந்தைக்குப் பாடும் தாலாட்டு. அதைக் காதல் பாட்டாக நினைத்துக் குழைகிறவர்கள் ஏராளம். மைல்ஸ் டேவிஸ் 1958இல் வார்த்தையே இல்லாமல் டிரம்பெட்டில் வாசித்தது அவற்றையெல்லாம்விடத் தாலாட்டுக்குக் கிட்டே இருக்கிறது என்பது என் கட்சி.

இங்கே அப்படிக் கட்சி கட்டி வாதாடக்கூட வழியில்லை. உள்ளே வரலாமா என்று நந்தன் கேட்கும் ‘வருகலாமோ’ பாட்டு மாஞ்சி ராகம். பைரவிக்குப் பக்கத்து வீடு. ஆகவே நம் ரசிகர்கள் நாலு பேர் கூடினால், யார் பைரவிக்குள் வழுக்கினார், யார் வழுக்கவில்லை என்பதிலேயே காபி ஆறிப்போகும். கே.வி. நாராயணசாமி பாடும்போது குரல் ஓங்குவதே இல்லை. அனுமதி கேட்கிற மனிதன் அப்படித்தான் கேட்பான். டி.எம். கிருஷ்ணா பாடும்போது அதே கேள்வி, கேட்கிற நம் பக்கமாகவும் திரும்புகிறது. இதைச் சொன்னால், “அதெல்லாம் சரி சார், நிரவல் எப்படி?” என்கிறார்கள். உள்ளே வரலாமா என்று ஒருவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். இவர்களுக்கு நிரவல் வேண்டுமாம்!

கச்சேரியிலாவது கதை தெரியுமா என்றால், தனி ஆவர்த்தனம் முடிந்து பாதிக் கூட்டம் கேன்டீனுக்கும் பார்க்கிங்குக்கும் கிளம்பும்போதுதான் நந்தனை எடுக்கிறார்கள். ஒருமுறை பக்கத்து நாற்காலியில் இருந்த கன்னட மாமி என்ன பாட்டு என்று கேட்டார். இரண்டு வாக்கியம் சொல்வதற்குள், “ஓ, நம்ம கனகதாசர்!” என்றார். உடுப்பிக் கோயிலில் உள்ளே விடாததால் வெளியே நின்ற கனகருக்காகக் கிருஷ்ணன் மேற்கே திரும்பினான் என்பது ஐதீகம். கனகன கிண்டி என்று அந்தச் சாளரத்தை இன்றும் காட்டுகிறார்கள். மொழி தெரியாத அந்த அம்மாளுக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. பிறகு பாட்டு முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு முன்வரிசையில் இருந்த தமிழர்கள் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பாடகர்களே, சபா செயலாளர்களே, நந்தனார் பாட்டைத் தொடும் முன்பு, யார் எங்கே நின்று யாரிடம் பாடுகிறார் என்று மைக்கில் சொல்லுங்கள். இந்த ஊரில் அதைக் கன்னடத்திலும் சொல்லுங்கள். பதிவு ஏற்றும் புண்ணியவான்களே, வருஷத்தையும் எழுதியவர் பெயரையும் போடுங்கள். ‘அபூர்வம்’ வேண்டாம்.