சத்துப் பொடிக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

“குழந்தை சாப்பிடவே மாட்டேன் என்கிறது” என்பது குழந்தை மருத்துவர்கள் நாள்தோறும் கேட்கும் முறையீடு. அதற்குச் சந்தை வைத்திருக்கும் விடை, பாலில் கலக்கும் ஒரு டப்பா சத்துப் பொடி. அரசுத் திட்டங்களின் விடை, இத்தனை கலோரி, இத்தனை கிராம் புரதம். இரண்டுமே ‘என்ன கொடுப்பது’ என்ற வினாவுக்குரியவை. ‘ஏன் உண்ணவில்லை’ என்பதை நாம் கேட்பதே இல்லை. இந்த வரிசை மாற வேண்டும் என்பதே என் வாதம்.

உண்ணாத குழந்தைகள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். பலர் நலமாகவே இருக்கிறார்கள். 3 கிலோ எடையுடன் பிறந்த குழந்தை முதலாண்டு முடிவில் ஏறத்தாழ 9 கிலோவை எட்டும். இரண்டாம் ஆண்டில் கூடுவது 2 அல்லது 2.5 கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிவது இயல்பு. அதை நோயெனக் கருதும் பெற்றோரின் அச்சத்தில்தான் சத்துப் பொடிகள் விலைபோகின்றன. பொடி கரைத்த பால் வயிற்றை நிறைக்க, சோறும் பருப்பும் ஒதுங்குகின்றன. பசும்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. பாலையே மிகுதியாக நம்பியிருக்கும் குழந்தைக்கு இரத்தசோகை வரலாம். இரத்தசோகை பசியை மேலும் குறைக்கும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) நம் நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. அத்தகைய நாட்டில் இந்தச் சுழல் சிறிய சிக்கல் அன்று.

சில குழந்தைகளுக்கு உண்ண விருப்பம் உண்டு, உண்ண இயலாது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு நாக்கும் தாடையும் தொண்டைத் தசைகளும் ஒத்திசைந்து இயங்குவதில்லை. நீர்த்த திரவம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடக்கூடும். சில வேளைகளில் இருமல்கூட வராது. அடிக்கடி வரும் நிமோனியாவே அதன் அடையாளமாக இருக்கும். பொடி கரைத்த பால் இக்குழந்தைக்கு ஆபத்தாகவே முடியலாம். நிமிர்த்தி அமர்த்தும் முறை, உணவின் பதம், விழுங்குதலைச் சோதித்துப் பயிற்றுவிக்கும் வல்லுநர் ஆகியவை முதலில் வேண்டும். செறிவூட்டிய துணையுணவு மெய்யாகவே தேவைப்படுவதும் இவர்களுக்குத்தான். ஆனால் அது அவர்கள் விழுங்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும்.

கடுமையான ஊட்டக்குறைவால் பசியையே இழந்த குழந்தைகளும் உண்டு. அதே ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் 7.7 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடையின்றி மிகக் கடுமையாக மெலிந்தவர்கள். அவர்களுள் பசியிழந்தோரையும் வேறு நோய்ச் சிக்கல் உள்ளோரையும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் சேர்த்து, முதலில் எஃப்-75 என்னும் புரதம் குறைந்த பால், உடல் தேறிய பின் எஃப்-100 என்று படிப்படியாகக் கொடுப்பதே மருத்துவ நெறி. இங்கே சிகிச்சை உணவு உயிர் காக்கிறது. எனவே துணையுணவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காரணத்தை அறியாமல் கொடுக்கும் துணையுணவைத்தான் எதிர்க்கிறேன்.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கன்வாடிக் குழந்தைக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் வகுத்தது. 2023இல் நுண்சத்துகளும் சேர்ந்தன. இவை போராடிப் பெற்ற உரிமைகள். ஆயினும் அந்த அட்டவணை எண்ணுவது கொடுக்கப்பட்டதை. குழந்தையின் வயிற்றுக்குள் போனதை அன்று. அங்கன்வாடியில் எடையும் உயரமும் பதிவாகின்றன. ஒருவேளை உணவுக்கு அரைமணி நேரத்துக்கு மேலாகிறதா, குடிக்கும்போது இருமுகிறதா, நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வருகிறதா என்னும் மூன்று கேள்விகளையும் அங்கே சேர்க்கலாமே!

அங்கன்வாடிப் பணியாளரின் சுமை ஏற்கெனவே பெரிது, வல்லுநர்களோ மிகச் சிலர் என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைந்துள்ளன. யாரை அங்கே அனுப்புவது என்று கண்டறியும் வழியைத்தான் செம்மைப்படுத்த வேண்டும்.

சந்தையின் பொறுப்பும் சிறிதன்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்பதற்கு வரையறையே இல்லை என்பதால், அப்பெயரிட்ட பிரிவிலிருந்து இத்தகைய பானங்களை நீக்குமாறு 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. பெற்றோரின் அச்சத்தை மாற்றுவது கடினம். ஒரு டப்பாவின் விலையில் முட்டையும் நிலக்கடலையும் எண்ணெயும் வாங்கலாம் என்பதையும், சோற்றில் கலந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயே ஏறத்தாழ 45 கலோரி என்பதையும் அவர்களிடம் யார் சொல்வது?

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் 11.3 விழுக்காட்டினர்க்கே போதிய உணவு கிடைக்கிறது என்னும் எண்ணை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். எஞ்சியோரில் எத்தனை பேர் வறுமையால் உண்ணவில்லை, எத்தனை பேர் விழுங்க முடியாமல் உண்ணவில்லை என்பதை அந்த எண் சொல்வதில்லை. உங்கள் அடுத்த களஆய்வின் வினாநிரலில் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.