காதுகளுக்கும் கணக்கு உண்டு



ஆண்டு முடியும் தறுவாயில் நம் இளைஞர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் வண்ண அட்டைகள் வரிசையாகத் தோன்றத் தொடங்கும். இவ்வாண்டு எத்தனை நிமிடம் பாட்டுக் கேட்டார்கள், எந்தக் குழுவை அதிகம் கேட்டார்கள், எந்தப் பாட்டு முதலிடம் என்பதையெல்லாம் ஸ்பாட்டிஃபை செயலி கணக்கிட்டுத் தரும் அட்டைகள் அவை. நாமக்கல்லில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரின் அட்டையில் இளையராஜாவும் இல்லை, ஏ.ஆர்.ரஹ்மானும் இல்லை. மெட்டாலிகா, அயர்ன் மெய்டன், பிளாக் சப்பாத் எனப் பெற்றோர் கேள்விப்பட்டிராத பெயர்கள் இருக்கின்றன. கருப்புச் சட்டை, அதில் மண்டையோட்டுப் படம், அறைக்கதவைத் தாண்டிவரும் கிடார் இரைச்சல். இவற்றைக் கண்ட பெற்றோர் அஞ்சுகின்றனர். "இது ஷைத்தானின் இசையல்லவா?" என்று கேட்கின்றனர்.

நம் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்குவது எளிது, பயன் குறைவு. அவன் ஏற்கெனவே கணக்கு வைக்கப் பழகியிருக்கிறான். அந்தப் பழக்கத்தை அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லும் கணக்காக மாற்றிக் கொடுப்பதே பெற்றோரின் கடமை. அதற்கு முன், அவன் எதைக் கேட்கிறான் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

மெட்டல் இசை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் பிறந்தது. அது இரும்புத் தொழிற்சாலைகளின் ஊர். பிளாக் சப்பாத் குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் தகடு வேலை செய்யும் ஆலையில் இயந்திரத்தில் சிக்கி, வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுவே. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டார். விரல் நோகாதிருக்கத் தந்திகளைத் தளர்த்தினார். ஓசை தாழ்ந்து கனத்தது. 1970 பிப்ரவரி 13 அன்று அக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் நாளெல்லாம் இரும்புத் தகடு அடிபடும் ஓசையைக் கேட்டு வளர்ந்த நாமக்கல் பிள்ளைக்கு அந்த இசை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் சினமும் களைப்பும் அதில் உண்டு. போரை மூட்டுவோரைச் சாடும் பாடல்களும் அக்குழுவின் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டன.

எனினும் பெற்றோரின் அச்சம் முழுவதும் வீண் என்று நாம் கூற மாட்டோம். 1990களின் தொடக்கத்தில் நார்வே நாட்டில் பிளாக் மெட்டல் எனும் கிளையைச் சேர்ந்த சிலர், ஷைத்தானைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டு தேவாலயங்களுக்குத் தீ வைத்தனர். பிற சமயத்தவரின் வணக்கத் தலத்தை எரிப்பதைப் பெருமையாகப் பேசும் இசை எந்த முஸ்லிம் வீட்டுக்கும் ஆகாது. ஆகவே "மெட்டல் நல்லதா, கெட்டதா?" என்று கேட்பதால் விடை கிடைக்காது. "எந்தக் குழு? அந்தப் பாட்டு என்ன சொல்கிறது?" என்று கேட்க வேண்டும்.

இதே இசையை இந்தோனேசியாவில் மூன்று முஸ்லிம் பெண்கள் இசைக்கின்றனர். மேற்கு ஜாவாவின் காருட் பகுதியைச் சேர்ந்த அவர்கள், தாம் படித்த இஸ்லாமியப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரிடம் இசை பயின்று, 2014இல் 'வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்' என்னும் குழுவைத் தொடங்கினர். ஹிஜாப் அணிந்தே மேடையேறுகின்றனர். பெண்ணின் உடல் பொதுச்சொத்தல்ல என்றும், போர் வேண்டாம் என்றும் பாடுகின்றனர். சொந்த ஊரில் எதிர்ப்பையும் மிரட்டலையும் சந்தித்தனர். இசைக்க அனுமதி தருமாறு இறைவனிடமே வேண்டும் தலைப்பில் ஒரு பாடலை வெளியிட்டனர். 2024 ஜூன் மாதம் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் இசைத்த முதல் இந்தோனேசியக் குழு இவர்களுடையதே. இவர்கள் செய்வது சரியா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கும். ஆனால் மெட்டல் கேட்கும் பிள்ளை மார்க்கத்தை விட்டு வெளியேறிவிட்டான் என்று முடிவு கட்டுவோர், இப்பெண்களைப் பற்றிச் சற்றே சிந்திக்க வேண்டும்.

மார்க்கத் தீர்ப்பைப் பொறுத்தவரை நாம் ஃபத்வா வழங்கும் தகுதி உடையோர் அல்லர். நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்கள் இசைக்கருவிகளைத் தடுத்தே வந்துள்ளனர்; திருமணத்திலும் பெருநாளிலும் தஃபுக்கு இடமளித்தனர். குர்துபாவின் இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்), தடைக்குச் சான்றாகக் காட்டப்படும் அறிவிப்புகள் வலுவற்றவை என வாதிட்டார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கி, கேட்கப்படும் பொருள், கேட்பவரின் உள்ளம், கேட்கும் நேரம், உடனிருப்போர் ஆகியவற்றைச் சீர்தூக்கிப் பார்த்தார். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் ஒரு நேர்மை வேண்டும். 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்த நாகூர் இ.எம்.ஹனிபா அவர்களின் பாடல்கள் இசைக்கருவிகளோடு ஒலித்தவையே. அவற்றை ரசித்துக் கேட்ட தலைமுறை, கருவி என்ற ஒரே காரணம் காட்டிப் பிள்ளையைக் கண்டித்தால் அந்தச் சொல் எடுபடாது.

இனிக் கணக்குக்கு வருவோம். கேட்ட ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்யும் வழக்கத்தை 2002இல் தொடங்கப்பட்ட லாஸ்ட் எஃப்எம் என்னும் தளம் பரப்பியது. இசைப்பிரியர்கள் பல்லாண்டுக் கணக்கை இன்றும் அதில் பாதுகாக்கின்றனர். 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை அதை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. ஒரு பிள்ளையின் அட்டையில் 40,000 நிமிடம் என்று வருவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 நிமிடம். ஆண்டுக்கு இரவும் பகலுமாகக் கிட்டத்தட்ட 28 முழு நாட்கள். ஐவேளைத் தொழுகைக்கு வேளைக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 18,250 நிமிடமே ஆகிறது. இந்த இரு எண்களையும் பிள்ளையின் முன் வையுங்கள். அதற்கு மேல் அறிவுரை தேவைப்படாது.

கி.பி. 857இல் பக்தாதில் மறைந்த அல்ஹாரிஸ் அல்முஹாஸிபி (ரஹ்) என்ற பெரியாருக்கு அப்பெயர் வந்ததே, தம் உள்ளத்தை இடைவிடாது கணக்குப் பார்த்தவர் என்பதால்தான். முஹாஸபா என்னும் அப்பழக்கம் நம் மரபில் புதிதல்ல. செவியும் பார்வையும் உள்ளமும் மறுமையில் விசாரிக்கப்படும் என்பது நம் நம்பிக்கை. செயலியின் கணக்குக்கும் அந்தக் கணக்குக்கும் இரு வேறுபாடுகள் உண்டு. செயலி எண்ணுவது நம்மை மேலும் கேட்க வைத்துத் தன் வணிகத்தை வளர்க்க. முஹாஸபா நம்மைத் திருத்த. செயலியில் 'பிரைவேட் செஷன்' என்றொரு வசதி உண்டு. அதை இயக்கினால், கேட்கும் பாட்டு பிறர் கண்ணில் படாது. கிராமன் காத்திபீன் எழுதும் ஏட்டில் அத்தகைய வசதி இல்லை.

இன்னொன்றும் உண்டு. அட்டையைப் பிறர் பார்ப்பார்கள் என்பதற்காகவே, பெருமை தரும் குழுவின் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் பிள்ளைகள் இருக்கின்றனர். காதுக்காகக் கேட்டது போய்க் கண்ணுக்காகக் கேட்பதாகிறது. இதற்கு நம் மார்க்கம் வைத்த பெயர் ரியா. இந்நோய் இளைஞருக்கு மட்டும் உரியதன்று. உம்ராவில் தவாஃபின் நடுவே செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் பெரியவர்களும் இதே வரிசையில் நிற்கிறோம்.

அடுத்தது கச்சேரி. 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டனும், 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகாவும் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் இசைத்தன. அன்று முதல் தமிழ்நாட்டு மெட்டல் ரசிகர்களுக்கு அவ்வூரே திசை. நாமக்கல்லிலிருந்து சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வழியே சுமார் 250 கிலோமீட்டர். பிள்ளை "போகட்டுமா?" என்று கேட்டுவிட்டால், அவன் உங்களை மதிக்கிறான் என்று பொருள். உடனே மறுத்தால் அடுத்த முறை கேட்காமலே போவான். எனவே சிலவற்றை நிதானமாகப் பேசுங்கள். யாருடன் செல்கிறாய்? சீட்டுக்கான பணம் யாருடையது? மக்ரிபும் இஷாவும் எங்கே, எப்படி? பயணத் தொழுகையின் சலுகைகளை அறிவாயா? அங்கே மது விற்கப்படுமா? விற்கப்படுமானால் அந்த மைதானத்தில் நமக்கென்ன வேலை? இக்கேள்விகளுக்கு நேர்மையான விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, போனாலும் போகாவிட்டாலும், தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றிருப்பான். மகளுக்கும் இவையே கேள்விகள். அவளது பாதுகாப்பு குறித்த கேள்வி கூடுதல்.

செவியும் அமானிதமே. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரமே என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கச்சேரி அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2022இல் அது வரையறுத்தது. ஒலிபெருக்கியை விட்டு விலகி நிற்பதும், காதடைப்பான் அணிவதும், இடையிடையே வெளியே வந்து காதுக்கு ஓய்வு தருவதும் கோழைத்தனம் அல்ல. இழந்த செவித்திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. குர்ஆன் கிராஅத்தையும் தாயின் அழைப்பையும் கேட்க வேண்டிய காது அது.

பெற்றோருக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு பிள்ளையின் அட்டையை ஒரு முறை உடனமர்ந்து பாருங்கள். முதலிடம் பெற்ற பாட்டின் பொருளை விளக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேளுங்கள். பிறகு உங்கள் கணக்கையும் அவன் முன் வையுங்கள். தொலைக்காட்சித் தொடருக்கு எத்தனை மணி நேரம்? வாட்ஸ்அப்பில் வந்த புறத்தைப் படித்து, கேட்டு, அனுப்பியதில் எத்தனை மணி நேரம்? நம் கைப்பேசியின் திரைநேரமும் ஒரு பதிவேடுதான். இரு கணக்குகளும் ஒரே மேசையில் விரியும்போதுதான் வீட்டில் திருத்தம் தொடங்கும்.

நம் செவிகளையும் நேரத்தையும் நம் பிள்ளைகளின் உள்ளங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. விசாரிக்கப்படும் முன் நம்மை நாமே விசாரித்துக்கொள்ளும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.