முதல் ஆறு பேர்
எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், நம் ஊர் ஒழுக்கத்துக்கு அது இங்கே வராது என்று பெரியவர்களே பேசிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் சொன்னபடி காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றி, ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சோதிக்கக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது; இந்தியாவில் முதன்முறை, 1986இல். தமிழக சுகாதார அமைச்சர் ஹண்டே இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆராய்ச்சிக்குக் கை நீட்டிய பெண்களுக்கு என்ன கிடைத்தது? தொற்று கண்டவர்களைக் காப்பகத்திலேயே பூட்டிவைத்தார்கள். அவர்களை விடுவிக்க 1990இல் உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவர்களைக் கொண்டாடுகிறோம், தகும். அந்தப் பெண்களிடம் அரசு ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்க வேண்டும்.