மாநகராகும் புதுக்கோட்டையில் எவர் நினைவு மிஞ்சும்?

புதுக்கோட்டையின் நேரான, அகன்ற வீதிகளைப் புகழ்வோர் திவான் சேஷையா சாஸ்திரியை மறப்பதில்லை. 1878 முதல் 1894 வரை சமஸ்தானத்தை நிர்வகித்து நகரைச் சீரமைத்தவர் அவர். அவ்வீதிகளுக்கு மண் சுமந்தோரையும், அவற்றில் மலம் அள்ளியோரையும் எவரும் அவ்வாறு நினைவுகூர்வதில்லை.

தொண்டைமான் மன்னரின் அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அரசர் வீற்றிருந்த இடத்தில் உழைக்கும் மக்கள் மனுவுடன் வரிசையில் நிற்கின்றனர். (மனு என்னவாகிறது என்பது வேறு கதை.) சுவரை இடிக்காமலே ஓர் இடத்தின் பொருள் மாறக்கூடும். சுவரை இடித்தும் மாறாமல் போகக்கூடும்.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கச் சென்ற அதிகாரிகள் அருகிலுள்ள இறையூரில் இரட்டைக்குவளையையும் கோயில் நுழைவு மறுப்பையும் கண்டனர். உடனே பலரும் கோரியது தொட்டியை இடிக்க வேண்டும் என்பதே. அருவருப்பு நமக்குப் புரிகிறது. ஆயினும் 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை. இந்நிலையில் தொட்டி வெறும் சிமெண்ட் அன்று, சாட்சி.

2024இல் புதுக்கோட்டை மாநகராட்சியானது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் எந்தத் தெருவுக்குக் குழாய் கடைசியாக வந்தது, எந்தச் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்ற கணக்கை முதலில் எடுத்து, வார்டுவாரியாக வெளியிட்ட பிறகே பெயர்ப்பலகைகளைக் கழற்ற வேண்டும்.