உப்பரித்த கம்பிக்கு வெள்ளையடிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்துச் சுனாமிக் குடியிருப்பில் போன மாதம் மராமத்து நடந்தது. கூரைத் தளத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்த இடங்களில் சிமெண்ட் கலவையை அப்பினார்கள், மேலே வெள்ளையடித்தார்கள், பில் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஊராட்சி வேலைகளில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைக் கட்டிக் காக்கிறது. உப்புக் காற்றில் வரும் குளோரைடு நுண்துளைகள் வழியாக மெல்ல இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது. பிறகு துரு கிளம்பும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் சரக்கு. உள்ளிருந்து நெம்பிக் காரையைத் தள்ளிவிடும். இப்படி விழுந்த இடத்தில் மட்டும் புதுக் கலவை வைத்தால் என்ன ஆகும்? அங்குள்ள கம்பி தப்பித்துக்கொள்ளும். அதை ஒட்டி, உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியோ மின்வேதி விளைவால் முன்னைவிட வேகமாக அரிபடும். சில ஆண்டுகளில் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றியே மறுபடி பெயரும். அப்போது இன்னொரு டெண்டர் விடுவார்கள்.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. மக்கள் வரிப்பணத்தில் இதைப் படிப்பதற்கென்றே நிறுவனங்கள் வைத்திருக்கிறோம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். மண்டபத்துக் கடற்காற்றில் உலோகத் துண்டுகளை மாட்டிவைத்து ஆண்டுக்கணக்கில் அரிமானத்தை அளந்தவர்கள் அவர்கள். கம்பியைக் கட்டுவதற்கு முன்பே அரிமானத் தடுப்பான் கலந்த சிமெண்ட் பாலைப் பூசும் முறையையும் உருவாக்கித் தந்தார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் குப்பத்துக்குப் பக்கத்திலேயே கல்பாக்கம் இருக்கிறது. அங்கே 1971-ல் அணு உலை ஆய்வு மையமாகத் தொடங்கி, 1985-ல் இந்திரா காந்தி பெயர் சூட்டப்பட்ட அணு ஆராய்ச்சி மையத்தில் அரிமானத்துக்கென்று தனிப் பிரிவே உண்டு. சூடான திரவ சோடியத்தில் எஃகு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதை 1985 முதல் இயங்கும் சோதனை ஈனுலையை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். அங்குள்ள அணு மின்நிலையத்துக்குக் கடல்நீர் வரும் சுரங்கத்தில் ஆளியும் பாசியும் ஒட்டுவதை ஆராய்கிறது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கல்பாக்கம் பிரிவு. இவர்கள் சாதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை.

என் கண்டனம் வேறு. இத்தனை அறிவும் இந்தக் கடற்கரையில் குவிந்து கிடக்க, அதே கடற்கரையில் ஏழை வீட்டுக்குப் போடும் எஸ்டிமேட்டில் அதிலிருந்து ஒரு வரிகூட ஏறவில்லை. ஆய்வகம் டெல்லிக்குப் பதில் சொல்கிறது, மராமத்து மாவட்டத்துக்குப் பதில் சொல்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஆளில்லை. அணு விபத்து ஒத்திகை என்றால் 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் எங்களைச் சேர்த்துக்கொள்ளத் தெரிகிறதே, ஆய்வின் பலன் என்று வரும்போது மட்டும் அந்த வட்டம் எங்கே போகிறது?

மாமல்லபுரத்தையே பாருங்கள். கடற்கரைக் கோயிலின் கருங்கல்லை உப்பு தின்கிறது என்று தெரிந்ததும் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு வந்தது. காகிதக் கூழை ஒட்டி உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கும் நட்டிருக்கிறார்கள். நல்ல வேலை, தொடரட்டும். பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கல்லுக்குக் கிடைக்கும் வேதியியல், உள்ளே குழந்தைகள் தூங்கும் கூரைக்கும் கிடைத்தால் என்ன?

விதி இல்லாமலும் இல்லை. கடலோரக் கட்டடத்துக்கு எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் (கவர்) என்று ஐ.எஸ். 456 தரவிதி 2000-லேயே சொல்லிவிட்டது. சுனாமி வந்ததே அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, வீடுகளைக் கட்டியது அதற்கும் பிறகு. எங்கள் குடியிருப்பில் பெயர்ந்த இடங்களில் டேப் வைத்துப் பார்த்தேன், அதில் பாதி கவர்கூட இல்லை.

பரிசோதனைக்குச் செலவு அதிகம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். உடைத்த கான்கிரீட் மீது சில்வர் நைட்ரேட் கரைசல் தெளித்தால் உப்பு இறங்கிய ஆழம் வரை வெள்ளையாகும், மிச்சம் பழுப்பாகும். பினாப்தலீன் தெளித்தால் காரம் செத்த பகுதி நிறம் மாறாமல் நிற்கும். இரண்டும் அரசு மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் கையாளும் சரக்குதான். காப்பர் சல்பேட் மின்முனையும் ஒரு வோல்ட்மீட்டரும் இருந்தால், தளத்தை உடைக்காமலே எந்தப் பகுதியில் கம்பி அரிபட வாய்ப்பு அதிகம் என்று கட்டம் கட்டமாக வரைந்துவிடலாம். வாசிப்பு மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் அங்கே அரிமானம் நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்பது உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு.

அணு விஞ்ஞானி வந்து குப்பத்தில் கரணை பிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கடலோர ஐ.டி.ஐ. பிள்ளைகள் சிலருக்கு இந்தச் சோதனைகளைக் கற்றுக்கொடுக்கட்டும். எந்த வீட்டுக்கு ஒட்டு போதும், எந்த வீட்டில் உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால்வரை கொத்தி எடுக்க வேண்டும், எதை இடித்தே கட்ட வேண்டும் என்று அவர்கள் அளந்து சொல்லட்டும். அந்த முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினால் போதும், மிச்சக் கேள்வியைக் கிராம சபையில் நாங்களே கேட்டுக்கொள்வோம்.

அடுத்த கட்ட மராமத்துக்கு எஸ்டிமேட் தயாராகிறது என்று கேள்வி. அது டெண்டருக்குப் போவதற்குள் மாவட்ட ஆட்சியர் கல்பாக்கத்துக்கும் காரைக்குடிக்கும் கடிதம் எழுத வேண்டும். உப்புச் சோதனை முடியாத எந்த வீட்டுக்கும் பூச்சு வேலைக்குப் பணம் ஒதுக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர்,
சதுரங்கப்பட்டினம் அருகில்,
செங்கல்பட்டு மாவட்டம்.